நுகர்வோர் புகார்: எங்கே போவது, யாரைப் பார்ப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் நுகர்வோர் அமைப்பில் மனு எழுதிக் கொடுக்கும் வேலையைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். நியாயம் தங்கள் பக்கம் இருந்தும், தவறான அலுவலகத்தில் மனுவைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல்தான் இதைத் தொகுத்தேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன். அலுவலகங்கள் பற்றிச் சொல்வது தமிழ்நாட்டு நடைமுறை.

நுகர்வோர் கோர்ட்டும் நுகர்வோர் பாதுகாப்புத் துறையும் ஒண்ணுதானே சார்?

இல்லை. பாதிப் பேர் அலைவது இந்தக் குழப்பத்தால்தான். துறை என்பது அரசு நிர்வாகம். முழுப் பெயர் உணவுப்பொருள் வழங்கல் மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறை. அதன் ஆணையர் அலுவலகம் சென்னை சேப்பாக்கம் எழிலகத்தில் இருக்கிறது. மாவட்டத்தில் மாவட்ட வழங்கல் அலுவலர், தாலுகாவில் வட்ட வழங்கல் அலுவலர். ரேஷன் கார்டுக்காக நாம் ஏறி இறங்கும் அதே அலுவலகம்தான். விழிப்புணர்வுக் கூட்டம், பள்ளி கல்லூரிகளில் குடிமக்கள் நுகர்வோர் மன்றம், குறைதீர் முகாம் எல்லாம் இவர்கள் பொறுப்பு. ஆனால் கடைக்காரர் உங்களுக்கு இவ்வளவு பணம் தர வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இவர்களுக்குக் கிடையாது.

அந்த அதிகாரம் இருப்பது நாம் கோர்ட் என்று சொல்லும் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு. மாவட்ட ஆணையம், அதற்கு மேலே சென்னையில் மாநில ஆணையம், அதற்கும் மேலே டெல்லியில் தேசிய ஆணையம். தென்மாவட்டங்களுக்காக மாநில ஆணையத்தின் அமர்வு ஒன்று மதுரையில் இருக்கிறது. சென்னையில் மட்டும் வடக்கு, தெற்கு என்று இரண்டு மாவட்ட ஆணையங்கள். 1986-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. கீழே நான் சொல்வதெல்லாம் இந்தப் புதுச் சட்டத்தின்படி.

அப்போ இதுக்கெல்லாம் தலைவர் யாரு? மந்திரியா, கலெக்டரா, ஜட்ஜா?

மூன்று பேருமே, ஆனால் வேறு வேறு அமைப்புக்கு. துறைக்கு அமைச்சர் உண்டு, அன்றாட நிர்வாகத்தை ஐ.ஏ.எஸ். அதிகாரியான ஆணையர் நடத்துகிறார். மாநில நுகர்வோர் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதற்குத் துறை அமைச்சர் தலைவர். மாவட்டக் குழுவுக்கு கலெக்டர் தலைவர். வருடத்துக்கு இரண்டு கூட்டமாவது நடத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் இந்தக் குழுக்களின் வேலை ஆலோசனை சொல்வது மட்டும்தான். உங்கள் மிக்ஸி தகராறை அங்கே கொண்டுபோனால் தீராது.

ஆணையத்தின் தலைமை முழுக்க நீதித்துறை சார்ந்தது. மாநில ஆணையத் தலைவர் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருப்பவர் அல்லது இருந்தவராக இருக்க வேண்டும். நீதிபதி எஸ். தமிழ்வாணன், நீதிபதி ஆர். சுப்பையா ஆகியோர் அப்படி அந்தப் பொறுப்பில் இருந்தவர்கள். மாவட்ட ஆணையத் தலைவர் மாவட்ட நீதிபதியாக இருப்பவர், இருந்தவர் அல்லது அந்தத் தகுதி உடையவர். கூடவே உறுப்பினர்கள் இருப்பார்கள். மாவட்ட ஆணையங்களை நிர்வாக ரீதியாகக் கண்காணிப்பது மாநில ஆணையம். எத்தனை வழக்கு வந்தது, எத்தனை முடிந்தது என்று கணக்குக் கேட்கும் அதிகாரம் அதற்கு உண்டு.

கலெக்டருக்கு இன்னொரு அதிகாரமும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஒரு கம்பெனியோ கடையோ நிறையப் பேரை ஒரே மாதிரி ஏமாற்றினால், கலெக்டர் விசாரித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பலாம். இந்த மத்திய அமைப்பு தனி வழக்குகளை விசாரிப்பதில்லை. மொத்தமாகப் பொதுமக்களைப் பாதிக்கும் விஷயங்களையும் பொய் விளம்பரங்களையும்தான் பார்க்கிறது.

எந்தப் பிரச்சினைக்கு எந்த ஆபீஸ்னு சுருக்கமா சொல்லுங்களேன்.

ரேஷன் கடையில் பொருள் தரவில்லை என்றால் வட்ட வழங்கல் அலுவலகம், போனில் என்றால் 1967. எடை குறைவு, பாக்கெட்டில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது, தராசில் முத்திரை இல்லாதது ஆகியவை தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவுக்குப் போக வேண்டும். கெட்டுப்போன உணவு, கலப்படம் என்றால் உணவுப் பாதுகாப்பு அலுவலர். இவர்கள் தவறு செய்தவர் மீது நடவடிக்கை எடுப்பார்கள். உங்கள் கைக்குப் பணமோ இழப்பீடோ வர வேண்டும் என்றால் ஆணையம்தான். இரண்டையும் சேர்த்தே செய்யலாம், தடையில்லை. கெட்டுப்போன உணவைச் சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவருக்கு, உணவுப் பாதுகாப்புத் துறையின் ஆய்வக அறிக்கை ஆணையத்தில் நல்ல ஆதாரம்.

வழங்கல் துறை தாலுகா அளவில் இரண்டாம் சனிக்கிழமைகளில் நடத்தும் குறைதீர் முகாம்களில், ரேஷன் குறைகளோடு தனியார் கடைப் பொருள், சேவைக் குறைபாடு பற்றிய மனுவையும் வாங்கிக்கொள்கிறார்கள். சின்ன விஷயங்கள் அங்கேயே பேசி முடிவதும் உண்டு.

1915-க்கு போன் பண்ணினா போதும்னு டிவியில சொல்றாங்களே?

முதல் படியாக நல்லது. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். 88000 01915 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பும் உண்டு. உங்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். ஆன்லைன் கடைகள், செல்போன் கம்பெனிகள், விமான டிக்கெட் போன்றவற்றில் ரீஃபண்ட் தகராறு இதிலேயே தீர்ந்து நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அது வழக்கு இல்லை. கம்பெனி முடியாது என்று சொல்லிவிட்டால் அவர்களால் கட்டாயப்படுத்த முடியாது. அதனால் புகார் எண்ணையும் வந்த பதிலையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் முயற்சி செய்தீர்கள் என்பதற்கு அது சாட்சி.

பில் இல்லைங்க. கேஸ் போட முடியுமா?

முடியும், கொஞ்சம் கஷ்டப்பட வேண்டும். ஜிபேயில் பணம் போன பதிவு, வாரன்டி கார்டில் கடை முத்திரை, சர்வீஸ் சென்டர் கொடுத்த ஜாப் ஷீட், கடைக்காரரோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு எல்லாமே ஆதாரம். பில் தராமல் விற்பதே முறையற்ற வணிகம் என்று 2019 சட்டம் சொல்கிறது. அதையும் மனுவில் ஒரு குற்றச்சாட்டாகச் சேர்க்கலாம்.

பில் இருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். ஒரு அம்மா வாஷிங் மெஷின் பில்லை பிளாஸ்டிக் கவரில் போட்டு, அலமாரியில் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவந்தார். கையில் எடுத்தால் வெறும் வெள்ளைத் தாள். கடைகளில் இப்போது தரும் பளபளப்பான பில் காகிதம் சூட்டிலும் வெளிச்சத்திலும் மங்கிவிடும். தேதியும் தொகையும் லேசாக ஊதா நிறத்தில் தெரிந்தன, பொருளின் பெயர் சுத்தமாக இல்லை. கடையின் கம்ப்யூட்டரிலிருந்து நகல் வாங்க அவர் பட்ட பாடு பெரிது. வாங்கிய அன்றே ஒரு ஜெராக்ஸ், செல்போனில் ஒரு படம். இரண்டையும் தவறாமல் செய்யுங்கள்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது"ன்னு பில்லுலயே அச்சடிச்சிருக்கே, அப்புறம் என்ன பண்றது?

பொருளில் குறை இருந்தால் அந்த வரி உங்களைக் கட்டுப்படுத்தாது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம்.

ஆனால் கலர் பிடிக்கவில்லை, வீட்டுக்காரருக்கு வேண்டாமாம் என்பதெல்லாம் குறை ஆகாது. அதில் கடைக்காரர் மாற்றித் தந்தால் அது அவர் நல்ல மனசு. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டு கடையில் பேசினால் பாதிச் சண்டை குறையும்.

வக்கீல் வைக்கணுமா? எவ்வளவு செலவாகும்?

வக்கீல் கட்டாயம் இல்லை. நீங்களே எழுதி, நீங்களே வாதாடலாம். பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. அவ்வளவுதான். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி (e-Jagriti) இணையதளத்திலும் தாக்கல் செய்யலாம். காணொளி விசாரணை கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

மனுவைத் தமிழிலேயே எழுதுங்கள். சட்ட வார்த்தை தேவையில்லை. என்ன வாங்கினீர்கள், எந்தத் தேதி, எவ்வளவு கொடுத்தீர்கள், என்ன குறை, எப்போது யாரிடம் சொன்னீர்கள், அவர்கள் என்ன பதில் சொன்னார்கள், உங்களுக்கு என்ன வேண்டும். இந்த வரிசையில் தேதி தேதியாக எழுதினால் போதும். கோபத்தைப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வருகிறார்கள். அதைப் பாதியாக வெட்டி, அந்த இடத்தில் தேதிகளைப் போடுவதுதான் பெரும்பாலும் என் வேலை. தாக்கல் செய்வதற்கு முன் எதிர்த்தரப்புக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்பி, ரசீதையும் அது போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியையும் வைத்துக்கொள்ளுங்கள். சில சமயம் அந்தக் கடிதத்துக்கே போன் வந்துவிடும்.

மருத்துவ அலட்சியம், இன்சூரன்ஸ், கட்டட பில்டர் போன்ற சிக்கலான வழக்குகளுக்கு வக்கீல் வைப்பது நல்லது என்பது என் கருத்து. எதிர்ப்பக்கம் அனுபவசாலிகள் வருவார்கள்.

கம்பெனி பெங்களூருல இருக்கு. நான் திருநெல்வேலி. எங்கே போடறது?

திருநெல்வேலியிலேயே போடலாம். 2019 சட்டம் செய்த பெரிய நன்மை இது. நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ வழக்குப் போட அது அனுமதிக்கிறது. பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் இடத்துக்கோ, பிரச்சினை நடந்த இடத்துக்கோதான் போக வேண்டும். புதிதாகப் பிரிந்த மாவட்டமாக இருந்தால், உங்கள் பகுதியை எந்த ஆணையம் பார்க்கிறது என்று ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு கோடி நஷ்டஈடு கேட்கப்போறேன். நேரா மாநில ஆணையம் போகலாமா?

போக முடியாது. எந்த ஆணையம் என்பதை முடிவு செய்வது நீங்கள் கேட்கும் தொகை அல்ல, நீங்கள் கொடுத்த விலை. கொடுத்தது 50 லட்சம் வரை என்றால் மாவட்டம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநிலம், அதற்கும் மேல் தேசிய ஆணையம். சட்டம் வந்தபோது இந்த எல்லை மாவட்டத்துக்கு 1 கோடி, மாநிலத்துக்கு 10 கோடி என்று இருந்தது. 2021 டிசம்பர் விதிகளில் குறைத்தார்கள். பழைய வலைப்பக்கங்களைப் படித்துவிட்டு வருகிறவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள்.

இது சரியா என்ற கேள்வி சுப்ரீம் கோர்ட் வரை போனது. கார் தீப்பிடித்துக் கணவரை இழந்த ஒரு பெண் 50 கோடிக்கு மேல் இழப்பீடு கேட்டார். காரின் விலை 50 லட்சத்துக்குள் என்பதால் அவர் மாவட்ட ஆணையத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் இந்த முறை செல்லும் என்று சொல்லிவிட்டது. இழப்பீடு கேட்பதற்கு மேல்வரம்பு இல்லை, மாவட்ட ஆணையத்திலேயே கேட்கலாம்.

இதில் இன்னொரு நுணுக்கம். ஒப்பந்தமே ஒருதலைப்பட்சமானது, அதை ரத்து செய்யுங்கள் என்று கேட்பதாக இருந்தால் மாவட்ட ஆணையத்தால் விசாரிக்க முடியாது. அந்த அதிகாரம் மாநில, தேசிய ஆணையங்களுக்கு மட்டும்.

வாங்கி மூணு வருஷம் ஆச்சு. லேட்டா?

காலக்கெடு இரண்டு வருடம். ஆனால் அது வாங்கிய நாளிலிருந்து அல்ல, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து. இன்சூரன்ஸ் கம்பெனி உங்கள் கோரிக்கையை மறுத்துக் கடிதம் அனுப்பினால், அந்த மறுப்பிலிருந்து கணக்கு. தாண்டிவிட்டாலும், தகுந்த காரணம் காட்டி தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். "பார்க்கலாம்னு சொல்லிட்டே இருந்தாங்க" என்பதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

தையல் கடைக்கு மெஷின் வாங்கினேன். தொழிலுக்கு வாங்கினா நுகர்வோர் இல்லைங்கறாங்களே?

வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்பது உண்மை. ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியவருக்கு விலக்கு உண்டு. 1995-ல் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாக்கியது. கோவை பி.எஸ்.ஜி. நிறுவனத்திடம் இயந்திரம் வாங்கிய லட்சுமி இன்ஜினியரிங் தொடுத்த வழக்கு அது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான் என்று அந்தத் தீர்ப்பு உதாரணம் சொல்கிறது. நீங்களே உட்கார்ந்து தைத்துக் குடும்பம் நடத்துகிறீர்கள் என்றால் போடலாம். மனுவில் அந்த வரியை மறக்காமல் எழுதுங்கள். அதை எழுதாமல் விட்டால் எதிர்த்தரப்பு முதலில் எடுக்கும் வாதமே இதுதான்.

டாக்டர், வக்கீல், ஈ.பி., காலேஜ் மேல எல்லாம் போடலாமா?

டாக்டர் மேல் போடலாம். மருத்துவம் இந்தச் சட்டத்துக்குள் வராது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்ததை, 1995-ல் சுப்ரீம் கோர்ட் மாற்றியது. ஆனால் எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு ஆஸ்பத்திரி இதில் வராது. சிலரிடம் பணம் வாங்கி, சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரி என்றால் இலவச நோயாளியும் வழக்குப் போடலாம். முதலில் மருத்துவக் கோப்பின் நகலை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள்.

வக்கீல் மேல் முடியாது, 2024 மே மாதம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துவிட்டது. ஈ.பி.யில் பில் தகராறு, சேவைக் குறைபாடு வரும். மின்திருட்டு என்று போட்ட கணக்கீடு வராது. ஈ.பி.க்கென்றே மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது, சாதாரண பில் பிரச்சினைக்கு அதுவே சுலபம். காலேஜ் விஷயத்தில் தீர்ப்புகள் பெரும்பாலும் எதிராகவே போயிருக்கின்றன. படிப்பு சம்பந்தமான குறைக்கு பல்கலைக்கழகத்தையோ சம்பந்தப்பட்ட ஒழுங்குமுறை அமைப்பையோ முதலில் பாருங்கள்.

ஹோட்டல்ல தண்ணி பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.க்கு மேல போட்டாங்க. சர்வீஸ் சார்ஜும் போட்டாங்க.

இரண்டுக்கும் பதில் வேறு. உட்கார்ந்து சாப்பிடும் ஹோட்டலில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அங்கே விற்பது வெறும் பாட்டில் அல்ல, இடமும் பரிமாறுவதும் சேர்ந்தது என்பது காரணம். பெட்டிக்கடையிலோ பஸ் ஸ்டாண்டு கடையிலோ இந்தச் சலுகை கிடையாது. அங்கே அதிகம் வாங்கினால் எடையளவுப் பிரிவில் புகார் கொடுங்கள்.

சர்வீஸ் சார்ஜை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் கொண்டுவந்தது. ஹோட்டல்காரர்கள் எதிர்த்துப் போனார்கள். 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் வழிகாட்டுதலை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், மறுத்தால் 1915.

மூணு மாசத்துல தீர்ப்புன்னு சட்டம் சொல்லுதே. எனக்கு ஏன் வருஷக்கணக்கா இழுக்குது?

சட்டத்தில் இருப்பது உண்மைதான். 21 நாளுக்குள் வழக்கை ஏற்பதா என்று முடிவு, எதிர்த்தரப்பு பதில் சொல்ல 30 நாள், மேற்கொண்டு 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசன அமர்வு சொன்னது. பொருளை ஆய்வகத்தில் சோதிக்கத் தேவையில்லை என்றால் மூன்று மாதம், தேவையென்றால் ஐந்து மாதம்.

நடப்பு வேறு. வாய்தா மேல் வாய்தா கேட்பது ஒரு காரணம். எனக்கு அதைவிடப் பெரிய காரணமாகத் தெரிவது காலிப் பணியிடங்கள். தலைவரோ உறுப்பினரோ ஓய்வு பெற்றால், அடுத்தவர் வரும் வரை வழக்குகள் தேங்கும். நாடு முழுக்க இப்படிக் கிடக்கிறது என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கு எடுத்து மாநிலங்களை நியமிக்கச் சொன்னது. 2023-ல், நியமனத்துக்கு எழுத்துத் தேர்வு வேண்டும், இரண்டு தாள், அதன் பின் நேர்காணல் என்று உத்தரவிட்டது. தலைவர் ஓய்வு பெறும் தேதி முன்கூட்டியே தெரிந்த ஒன்று. ஆறு மாதம் முன்பே தேர்வை ஆரம்பித்தால் ஒரு நாள்கூட நாற்காலி காலியாக இருக்காது. இதைச் செய்ய வேண்டியது மாநில அரசு. கலெக்டர் தலைமையில் நடக்கும் மாவட்டக் குழுக் கூட்டத்தில் நுகர்வோர் அமைப்புகள் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். முன்பு சொன்ன அந்த ஆலோசனைக் குழுவுக்கு உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது.

சமரசமா போயிடுங்கன்னு சொல்றாங்க. ஒத்துக்கணுமா?

கட்டாயம் இல்லை. இரு தரப்பும் எழுதிக் கொடுத்தால்தான் சமரசத்துக்கு அனுப்புவார்கள். கம்பெனி புதுப் பொருள் தரத் தயார் என்றால் நான் ஒத்துக்கொள்ளத்தான் சொல்வேன். ஆனால் சமரசத்தில் முடிந்த உத்தரவை எதிர்த்து அப்பீல் கிடையாது. தொகை, தேதி, எப்படித் தருவார்கள் என்பது மூன்றும் எழுத்தில் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தீர்ப்பு எனக்கு சாதகமா வந்துச்சு. ஆனா பணம் தர மாட்டேங்கறான்.

முதலில் அவர்கள் அப்பீல் போயிருக்கிறார்களா என்று பாருங்கள். மாவட்டத் தீர்ப்பை எதிர்த்து மாநில ஆணையத்துக்குப் போக 45 நாள் அவகாசம். பணம் கட்ட வேண்டியவர் பாதித் தொகையைக் கட்டினால்தான் அப்பீலை எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் தோற்றிருந்தாலும் அதே 45 நாள்தான், ஆனால் உங்களுக்கு அந்த டெபாசிட் கிடையாது.

அப்பீலும் இல்லை, பணமும் இல்லை என்றால் இரண்டு வழி. 2019 சட்டத்தின் பிரிவு 71-ன்படி, சிவில் கோர்ட் தீர்ப்பாணையை நிறைவேற்றுவது போல ஜப்தி நடவடிக்கை. பிரிவு 72-ன்படி தண்டனை மனு. ஒரு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். தீர்ப்பு கொடுத்த அதே ஆணையத்தில் போட வேண்டும். தீர்ப்பின் சான்றிட்ட நகல், அது எதிர்த்தரப்புக்குக் கிடைத்ததற்கான அத்தாட்சி, இதுவரை வந்த பணம் ஏதாவது இருந்தால் அதன் கணக்கு ஆகியவற்றை மனுவோடு சேருங்கள். வாரன்ட் வரும் என்று தெரிந்ததும் பல வழக்குகளில் அடுத்த வாய்தாவுக்கே டிமாண்ட் டிராஃப்ட் வந்து சேரும். டிராஃப்டில் உங்கள் பெயர் வங்கிக் கணக்கில் இருக்கிற மாதிரியே, இனிஷியலோடு, இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.